மூன்றடி நீட்டிய படகு

786

ஓசூர்
29.8.1988

மாடசாமிக்கு அதாவுல்லா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் நலம். நீயும் நாகம்மாளும் நலமென்று நினைக்கிறேன். மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபத்தில் போனவன் எழுத மாட்டான் என்று எனக்குத் தெரியும். எனக்கு வேலை நடக்க வேண்டும், அதனால் நானே எழுதுகிறேன்.

பாரூர் ஏரிக்கரையில் நான் கத்தியது உண்மை. நாற்பது பேர் முன்னால் கத்தியதும் உண்மை. ஆனால் என் இடத்தில் நின்று பார். ஆனேக்கல் கங்கப்பன் கர்நாடகப் பக்கம் ஒரு நீர்த்தேக்கத்தில் படகுச் சவாரி விடுகிறவர். ஐந்து பேர் உட்காரும் தன் மோட்டார் படகை நம் பட்டறைக்கு அனுப்பி, பின்பக்கம் மூன்றடி நீட்டி எட்டுப் பேர் உட்காருகிற மாதிரி ஆக்கித் தரச் சொன்னார். நன்றாக ஓடினால் இன்னும் ஆறு படகு நமக்கே என்றார். தண்ணீர்த் தொட்டியும் பஸ் சீட்டும் பைபரில் செய்துகொண்டிருந்த நமக்கு அது எப்பேர்ப்பட்ட வேலை! வேம்பார்க் கடற்கரையில் பத்து வருஷம் படகு கட்டியவன் நீ இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் தலையை ஆட்டினேன்.

நீ பின்பலகையை அறுத்தாய், மூன்றடி சேர்த்தாய். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலையை முடித்துவிட்டு, படகை இறக்கக் கரையில் சரிவு போட வேண்டும் என்று பாரூருக்கு முன்னாலேயே போய்விட்டாய். ஞாயிற்றுக்கிழமை லாரியில் படகு வந்தது. எட்டுப் பேர் ஏறினார்கள். நம் மோட்டார் மெக்கானிக் ஆஞ்சப்பன் முடுக்கினான். அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், எனக்கு அது தினமும் கண்ணுக்குள் ஓடுகிறது. வேகம் எடுக்க எடுக்கப் பின்பக்கம் தண்ணீரில் குந்திக்கொண்டது. மூக்கு வானத்தைப் பார்த்து எழுந்து, டபார் என்று விழுந்தது. மறுபடி எழுந்தது, மறுபடி விழுந்தது. கங்கப்பன் கரையில் நின்று, "ஏனு பாய், படகு கேட்டா பூம்பூம் மாடு செஞ்சி குடுத்திருக்கீங்க?" என்றார். கரையே சிரித்தது.

அந்தச் சிரிப்பில்தான் உன்னைப் பார்த்து, "படகு கட்டினவன்னு சொல்லிக்கினு வந்தியே, தொட்டிக்கு மூடி செய்யக்கூட நீ லாயக்கில்லப்பா" என்றேன். நீ அப்படியே போய்க் கிருஷ்ணகிரி பஸ் ஏறிவிட்டாய்.

இப்போது கங்கப்பன் இன்னொரு தடவை பார்க்கிறேன் என்கிறார். அக்டோபர் இரண்டு, ஞாயிற்றுக்கிழமை, அதே ஏரி. அதோடு சரி, மூன்றாம் தடவை கிடையாது. நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. மூக்கில் மணல் மூட்டை வைத்துப் பார்த்தேன். மோட்டாரை இரண்டு விரற்கடை உயர்த்தினேன், இறக்கினேன். எட்டுப் பேரையும் முன்னால் நெருக்கி உட்கார வைத்தேன். தலையாட்டம் கொஞ்சம் குறைந்தது, வேகம் பாதியாகப் போய்விட்டது. அதற்கு அவர் துடுப்புப் படகே வாங்கிக்கொள்வார்.

ஆகவே உன் ஒட்டில்தான் எங்கேயோ கோளாறு. எந்த இடம் என்று எழுது. சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

உன் சாமான் பெட்டி பூட்டியபடியே இங்கே இருக்கிறது. யாரும் தொடவில்லை.

அதாவுல்லா


முருகன் துணை

வேம்பார்
3.9.1988

உயர்திரு முதலாளி அதாவுல்லா அவர்களுக்கு மாடசாமி எழுதியது.

கடிதம் கிடைத்தது. ஒட்டில் கோளாறு இல்லை.

நாற்பது பேர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நாற்பத்தொன்று. உப்பு லாரி ஓட்டும் நாராயணப்பனும் அன்றைக்குக் கரையில் நின்றார். அவர் மாதம் இரண்டு தடவை எங்கள் ஊர் உப்பளத்துக்கு லோடு ஏற்ற வருகிறவர். நான் வீடு வந்து சேர்ந்த நாலாம் நாள் டீக்கடையில் பூம்பூம் மாட்டுக் கதையை நடித்தே காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

இப்போது இங்கே படகுப் பட்டறையில் எனக்கு வர்ணம் அடிக்கிற வேலை. படகுக்கே ஆதாரமான அடிக்கட்டையைத் தொட விடுவதில்லை. நேற்று ஒருத்தன், "என்னவே, ஏரித்தண்ணியிலயே ஒழுங்கா ஓடாத படகு கட்டினீராமே, அத கடல்ல எறக்கினா என்னவே ஆகும்?" என்று கேட்டான்.

மறைக்காமல் எழுதுகிறேன். கையில் வர்ணத் தூரிகை இருக்கிறது, மனதில் அந்த மூன்றடியைத்தான் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பழைய அடியும் புதிய அடியும் ஒரே கோட்டில் வர நூல் பிடித்தேன். ஐந்து அடுக்கு பைபர் இழை மேட் போட்டு ரெசின் பசை ஊற்றினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சரியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் சரியாக இல்லை. லாரியிலிருந்து நேரே தண்ணீரில் இறக்கிவிட்டார்கள், அடியை நான் பார்க்கவே இல்லை. ஏற்றும்போது கயிறு இழுத்து அடி வளைந்திருக்கலாம். அப்படி இல்லையென்றால் தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன்.

படகைக் கவிழ்த்துப் போடுங்கள். ஆறடி இரும்பு ஸ்கேலை அடியில் நீளவாக்கில், பின்பலகை ஓரம் முடிய வையுங்கள். ஸ்கேல் முழுக்கப் படிந்து உட்கார வேண்டும். எங்கேயாவது நாலணாக் காசு நுழைந்தால் எந்த இடம், எத்தனை காசு என்று எழுதவும். இடம், நடு, வலம் மூன்றிலும் பார்க்கவும்.

பெட்டியை லாரியில் போட்டு அனுப்பிவிடுங்கள். இழைப்புளியை இரவல் வாங்கி வேலை செய்கிறேன்.

மாடசாமி


786

ஓசூர்
9.9.1988

மாடசாமிக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். நம் பட்டறை அண்ணாதுரை ஸ்கேலைப் பிடித்தான், நான் குனிந்து காசை நுழைத்துப் பார்த்தேன். ஐம்பது வயதில் காசை வைத்துக்கொண்டு படகின் வயிற்றில் தவழ்கிறேன், என் நிலைமையைப் பார்.

இடத்தில் நுழையவில்லை. நடுவில் நுழையவில்லை. வலத்திலும் இல்லை. கயிறும் இழுக்கவில்லை. அண்ணாதுரை, "பாய், கண்ணாடி மாதிரி கீதுங்க, மாடசாமி அண்ணன் வேலைன்னா வேலதான்" என்றான்.

கடைசி ஓரத்தில் மட்டும், ஸ்கேல் பின்பலகையைத் தொடுகிற இடத்தில், காசென்ன, என் கட்டைவிரலே நுழைகிறது. அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. அது நான் செய்தது. நீ பாரூர் போன மறுநாள், சனிக்கிழமை, வழக்கம்போல உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். பின் ஓரம் கத்தி மாதிரி கையைக் கிழித்துவிட்டது. அவசரத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டாய் போலிருக்கிறது என்று நானே கிரைண்டரை எடுத்து உருட்டினேன். அதோடு நிற்காமல் இரண்டு பக்கத்து ஓரத்தையும் ஆறடி நீளத்துக்கு உருட்டி, தண்ணீர் பேப்பர் போட்டுத் தேய்த்து, மெழுகு போட்டு, குழந்தை கன்னம் மாதிரி ஆக்கி வைத்தேன். அன்றைக்குப் பூராவும் அந்த ஒரு வேலைதான். முதலாளி கிரைண்டர் பிடித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள்.

நம் வழக்கம் உனக்குத் தெரியாததா? மூலை கூராக இருந்தால் தொட்டியில் அங்கேதான் காற்று தங்கும், அங்கேதான் விரிசல் விடும். மற்றவன் தொட்டி இரண்டாம் வெயிலில் வாயைப் பிளந்தபோது நம் தொட்டி நின்றது. குருபரப்பள்ளி ரோட்டோரம் பிளாஸ்டிக் குடம் விற்றவன் இன்று சிப்காட்டில் ஷெட் போட்டிருக்கிறேன் என்றால் அந்த உருண்ட மூலையால்தான். சுவரில் பெயிண்டரை வைத்து எழுதியே வைத்திருக்கிறேனே, 'கையைக் கிழிக்கும் மூலை இந்தப் பட்டறையை விட்டு வெளியே போகாது' என்று.

ஆக, உன் அடி சரி, என் ஓரமும் சரி. பிறகு ஏன் தலையாட்டுகிறது? யோசித்து உடனே எழுது. இருபத்து மூன்று நாள்தான் இருக்கிறது.

பெட்டி விஷயம். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் பூட்டிய பெட்டியை ஏற்ற மாட்டோம் என்று லாரி ஆபீசில் சொல்கிறார்கள்.

அதாவுல்லா


முருகன் துணை

வேம்பார்
14.9.1988

முதலாளிக்கு மாடசாமி எழுதுவது.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு நாகம்மாளிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, "இதுல என்ன இருக்கு? பாவம், வழவழன்னு நல்லாத்தான தேச்சிருக்காவ" என்றாள். நான் சிரித்துவிட்டேன். ஐந்து வாரத்தில் அன்றைக்குத்தான் சிரித்தேன்.

படகைக் கெடுத்தது அந்தத் தேய்ப்புதான்.

நான் அவசரத்தில் விட்டுப் போகவில்லை. அந்த ஓரத்தைக் கூராக்க எனக்கு ஒன்றரை நாள் பிடித்தது. ஏன் என்று நான் அப்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் குற்றம். படகு தெரிந்தவர்களோடு வேலை செய்தே பழகியதால் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

வீட்டில் விளிம்பு உருண்ட டம்ளர் ஒன்று, விளிம்பு மெல்லியதாக உள்ள டம்ளர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் தண்ணீர் நிரப்பி மெதுவாகச் சாய்த்து ஊற்றுங்கள். மெல்லிய விளிம்பில் தண்ணீர் அறுந்து நேரே விழும். உருண்ட விளிம்பில் டம்ளரை விடாமல், விளிம்பைச் சுற்றிக்கொண்டு அடிப்பக்கமாக வழியும். உங்கள் படகிலும் அதுதான் நடக்கிறது. வேகமாக ஓடும் படகு தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அடியில் ஓடிவந்த தண்ணீர் பின் ஓரத்தில் அறுந்து விலக வேண்டும். ஓரம் உருண்டிருந்தால் தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு பின்பலகையில் ஏறும், ஏறிக்கொண்டே பின்பக்கத்தைக் கீழே இழுக்கும். பின்பக்கம் குந்தினால் மூக்கு எழும். எழுந்த மூக்கு பாரம் தாங்காமல் விழும். அவ்வளவுதான் பூம்பூம் மாடு.

தொட்டி தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டியது. படகு தண்ணீரை விட்டுவிட வேண்டியது. உங்கள் சுவரில் எழுதியது தொட்டிக்குச் சரி.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பாரூரில் சொன்னதைப் பாரூரிலேயே தப்பென்று திருப்பிச் சொல்ல வேண்டும். அதே ஆட்கள் முன்னால், அதே சத்தத்தில். அது நடக்காமல் எந்த ஊர்ப் பட்டறையிலும் என்னை அடிக்கட்டையைத் தொட விட மாட்டார்கள்.

பெட்டியில் உள்ளவை: இழைப்புளி இரண்டு, உளி ஏழு, மரச் சுத்தி ஒன்று, நூல் உருண்டை, அரம் நாலு, நாகம்மாள் கட்டிக்கொடுத்த கருவாட்டுப் பொட்டலம் ஒன்று. கடைசியாகச் சொன்னது இப்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சீக்கிரம் அனுப்புவது உங்களுக்குத்தான் நல்லது.

மாடசாமி

முதலாளிக்கு நாகம்மாள் எழுதுவது. இவுக ஒரு மாசமா ஒழுங்கா சாப்பிடல. நீங்க தேச்சதுக்கு இவுக எதுக்கு பட்டினி கெடக்கணும்? வீட்டுல அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க.


786

ஓசூர்
18.9.1988

மாடசாமிக்கு,

டம்ளரில் ஊற்றிப் பார்த்தேன். சாப்பாட்டு மேஜை, என் வேட்டி, அன்றைய தினசரி மூன்றும் நனைந்தன. வீட்டுக்காரி முனவர் வந்து பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, சின்னப் புள்ள மாதிரி தண்ணில வெளையாடிக்கினு?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். "அப்போ படகைக் கெடுத்தது நீங்க, திட்டு வாங்கினது அவரா? உங்க கை ஒரு எடத்துல சும்மா இருந்தாத்தானே" என்று சொல்லிவிட்டு, நாகம்மாள் எழுதியதைக் கேட்டு இரண்டு நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சரி. நேராகவே எழுதுகிறேன். தப்பு என்னுடையது. முழுக்க என்னுடையது. உன்னைச் சொன்னது அநியாயம். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியாது.

இனி வியாபாரம் பேசுவோம். யோசித்துப் பார், கங்கப்பன் ஆறு படகை நம்பிக் கொடுக்கப் போகிறவர். அவர் முன்னால் நான் எழுந்து நின்று, "ஐயா, நல்ல படகை என் கையாலேயே கெடுத்தேன்" என்று சொன்னால், எந்த மடையன் எனக்கு ஆர்டர் கொடுப்பான்? நானாக இருந்தால் கொடுக்க மாட்டேன். போன தடவை மோட்டாரில் கோளாறு இருந்தது, இப்போது சரிசெய்துவிட்டோம் என்று சொல்லிவிடுகிறேன். உன் பெயரும் சுத்தம், என் பெயரும் சுத்தம். யாருக்கும் நஷ்டமில்லை. நீ திரும்பி வா. படகு வேலை முழுக்க உன் பொறுப்பு, நான் உள்ளே எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். தனி ஷெட் போட்டுத் தருகிறேன்.

இருபத்தைந்தாம் தேதிக்குள் வந்தால் நீயே ஓரத்தைக் கூராக்கிவிடலாம். வர முடியாதென்றால் எப்படிச் செய்வதென்று விவரமாக எழுது.

பெட்டியின் மேல் ரெசின் பீப்பாய்களை அடுக்கிவிட்டார்கள். இறக்க இப்போது ஆள் இல்லை.

அதாவுல்லா


முருகன் துணை

வேம்பார்
22.9.1988

முதலாளிக்கு,

தப்பு உங்களுடையது என்று எழுதியதற்கு நன்றி. ஆனால் அதை நானும் நாகம்மாளும்தான் படித்திருக்கிறோம். எங்கள் இரண்டு பேருக்கும் அது முன்பே தெரியும்.

மோட்டார்மேல் பழி போடுகிறேன் என்கிறீர்கள். மோட்டார் யார் பொறுப்பு? ஆஞ்சப்பன். என்னைப் பார்த்து ஊரே சிரித்தது போதாதென்று அடுத்தது அவனா? அவனுக்கும் நாலு பட்டறையில் வேலை இருக்கிறது. ஆஞ்சப்பனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, உங்களுக்கு இப்படிக் கடிதம் போடவும் மாட்டான். அப்படிக் கிடைத்த நல்ல பெயர் எனக்கு வேண்டாம். தனி ஷெட்டும் வேண்டாம். நான் வரவில்லை.

ஆனால் படகு என்ன பாவம் செய்தது? எழுதுகிறேன், அப்படியே செய்யுங்கள்.

படகைக் கவிழ்த்துக்கொள்ளவும். உருட்டிய இடம் முழுக்க மெழுகு போகத் துடைத்துச் சொரசொரப்பாகத் தேய்க்கவும், இல்லாவிட்டால் புதியது ஒட்டாது. நேரான தேக்குச் சட்டம் ஒன்றை எடுத்து மெழுகு தடவி, பின்பலகையோடு ஒட்டினாற்போலத் திருகிப் பிடிக்கவும். சட்டம் ஓரத்துக்கு மேலே கொஞ்சம் எழும்பி, அணை மாதிரி நிற்க வேண்டும். அணைக்கும் உருண்ட ஓரத்துக்கும் நடுவில் பள்ளம் இருக்கும். அதில் பைபர் மேட்டைப் பிய்த்துப் போட்டு ரெசின் ஊற்றி அடுக்கவும். ஒரே நாளில் ரொப்பினால் சூடேறி வெடிக்கும், மூன்று நாளாகச் செய்யவும். காய்ந்த பிறகு சட்டத்தை எடுத்துவிட்டு, அடியோடு சமமாக அரத்தால் இழைக்கவும். பக்கத்து ஓரங்களுக்கும் இதே மாதிரி. விரல் வைத்தால் கிழிக்க வேண்டும்.

உங்கள் ஆட்களின் கை பழக்கத்தில் தேய்க்கப் போகும். அவர்களை நம்ப வேண்டாம். உங்கள் கையை அதைவிட நம்ப வேண்டாம்.

ஏரியில் ஓடும்போது பின்பலகையைப் பாருங்கள். நல்ல வேகத்தில் அது காய்ந்திருந்தால் ஓரம் சரி. நனைந்திருந்தால் இன்னும் எங்கேயோ உருட்டு மிச்சமிருக்கிறது.

பன்னிரண்டு பேர் வேலை செய்கிற பட்டறையில் பீப்பாய் இறக்க ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் நம்பிவிட்டேன்.

மாடசாமி


786

ஓசூர்
3.10.1988

அன்புள்ள மாடசாமிக்கு,

நேற்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ஓரத்தை நானும் அண்ணாதுரையும் செய்தோம். முதல் நாளே நீ சொன்னதைக் கேட்காமல் கொஞ்சம் அதிகமாக ஊற்றினேன், புகைந்தது, செதுக்கி எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினோம். கடைசி நாள் அரம் போட்டு முடித்துத் திரும்பினால், அண்ணாதுரை கையில் தண்ணீர் பேப்பர்! "பாய், லேசா ஒரே ஒரு தேய்" என்கிறான். பிடுங்கிப் போட்டேன். ஒரு பழைய சைக்கிள் டியூபை நீளமாகப் பிளந்து ஓரம் முழுக்கப் போட்டுக் கட்டிவிட்டேன். பாரூர் போய்ச் சேரும்வரை அதை அவிழ்க்கவில்லை.

போன தடவை வந்த ஆட்கள் அத்தனை பேரையும் வரவழைத்தேன். அதில் முக்கியமான ஆள் நாராயணப்பன். உப்பு லாரியைக் கிருஷ்ணகிரியில் மடக்கி, கறிச்சோறு உண்டு என்று சொல்லிக் கூட்டி வந்தேன். கதை எந்த வண்டியில் உன் ஊருக்குப் போனதோ, அதே வண்டியில்தான் பதிலும் போக வேண்டும். இதுதான் நான் முதலில் போட்ட கணக்கு.

இரண்டாவது கணக்கில்தான் தடுமாறினேன். படகு ஓடி முடிந்த பிறகு சொல்வதா, ஓடுவதற்கு முன்னால் சொல்வதா? ஜெயித்த பிறகு சொன்னால் எல்லோரும் சிரித்துக்கொண்டே கேட்பார்கள், ஆர்டர் பத்திரமாக இருக்கும். லாரியிலிருந்து படகை இறக்கும்வரை அப்படித்தான் முடிவு செய்திருந்தேன். டியூபை அவிழ்க்கும்போது ஓரம் விரலைக் கிழித்துவிட்டது. ரத்தம் வந்தது. அன்றைக்கு ஓரம் இப்படித்தான் இருந்தது, நீ என்னிடம் இப்படித்தான் ஒப்படைத்தாய் என்று தோன்றியது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் நீ செய்தது சரியாகத்தான் இருந்தது. பிறகு எதற்காகக் காத்திருப்பது?

சரிவின் மேல் ஏறி நின்று கத்தினேன். "எல்லாரும் கேளுங்கோ! போன தடவ இந்தப் படகு தலையாட்டிச்சில்ல? அது மாடசாமி செஞ்ச தப்பில்ல. அவரு ஓரத்தக் கூராத்தான் விட்டுட்டுப் போனாரு. தொட்டி மூலைன்னு நெனச்சி உருட்டி வழிச்சது நானு. இந்தக் கைதான். மோட்டார்லயும் ஒண்ணும் இல்ல, ஆஞ்சப்பன் மேலயும் ஒண்ணும் இல்ல. அவர நாப்பது பேர் முன்னால ஏசினேன், அதுக்கு நாப்பது பேர் முன்னால வருத்தம் தெரிவிச்சிக்கிறேன்."

"நாப்பத்தொண்ணு பாய்" என்று அண்ணாதுரை பின்னாலிருந்து திருத்தினான். உன் கடிதத்தை அவனிடம் காட்டியது தப்பு.

யாரும் சிரிக்கவில்லை. கங்கப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தொட்டி மாடோரிகெ தோணி யாகெ பாய்?" என்றார். தொட்டி செய்கிறவனுக்குப் படகு எதற்கு என்று அர்த்தம். ஆறு படகும் என் கண் முன்னாலேயே தண்ணீரில் முழுகின. "மொதல்ல ஏறுங்க, அப்புறம் பேசுங்க" என்றேன்.

எட்டுப் பேர் கணக்கில் கங்கப்பன் ஒருவர், நாராயணப்பன் ஒருவர், நான் ஒருவன். எனக்கு நீச்சல் தெரியாது என்பதை ஏறிய பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். ஆஞ்சப்பன் முடுக்கினான். மூக்கு லேசாக எழுந்தது. எழுந்த மூக்கு அப்படியே இறங்கிப் படிந்தது, மாடசாமி. மறுபடி எழவே இல்லை. சவுக்குத் தோப்பு, மதகு, கரையில் நின்ற கூட்டம் எல்லாம் சர்ரென்று பின்னால் போயின. நாராயணப்பன், "பாய், என் லாரியவிட ஸ்பீடா போகுதே!" என்று அலறினான்.

நான் பின்னால் நகர்ந்து, எட்டிப் பின்பலகையின் வெளிப்பக்கம் கையை வைத்தேன். "கைய எடுங்க பாய், மோட்டார் சுத்துது!" என்று ஆஞ்சப்பன் கத்தினான். வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

காய்ந்திருந்தது.

கரை ஏறிய பிறகு கங்கப்பன் வெகுநேரம் படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில், "பாய், படகு நல்லா இருக்கு. ஆறு வேண்டாம். மூணு குடுக்கறேன். ஆ மனுஷன் வந்து ஓரத்தெ பார்த்து சரின்னு சொன்னா, மிச்ச மூணு. நீங்க சரின்னு சொன்னா சாலது" என்றார். நான் சொன்னால் போதாதாம். என் முகத்துக்கு நேரே சொல்கிறார், நானும் சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

இதைப் படித்துவிட்டு, ஆர்டருக்காகக் கூப்பிடுகிறான் என்று நீ நினைக்கலாம். உண்மைதான், ஆர்டருக்காகவும் கூப்பிடுகிறேன். வியாபாரியிடம் வேறு எதை எதிர்பார்க்கிறாய்? ஆனால் இனி அது உன் இஷ்டம். வராவிட்டால் மூன்று படகோடு நான் நிறுத்திக்கொள்வேன். அதற்காக உன்மேல் எனக்கு ஒரு சொல்லும் இருக்காது.

சுவர் எழுத்துக்குக் கீழே பெயிண்டரை வைத்து ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'படகு தவிர.'

பெட்டி விஷயத்தில் என்னிடம் இனிச் சாக்கு எதுவும் மிச்சமில்லை. லாரி ஆபீசில் நான் கேட்கவே இல்லை, பீப்பாயும் யாரும் அடுக்கவில்லை. அது இங்கே இருக்கிறவரை நீ முழுக்கப் போய்விடவில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. பெட்டியைத் துடைத்து வாசல் பக்கம் வைத்திருக்கிறேன். கருவாடு இருப்பது உண்மை என்று பட்டறை முழுக்கத் தெரியும். நாராயணப்பன் அடுத்த லோடுக்குப் பதினாலாம் தேதி கிளம்புகிறான். அதில் ஏற்றிவிடுகிறேன்.

முனவர் நாகம்மாளைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அதாவுல்லா


முருகன் துணை

வேம்பார்
8.10.1988

அன்புள்ள பாய்க்கு மாடசாமி எழுதியது.

உங்கள் கடிதம் வருவதற்கு ஒரு நாள் முன்னாலேயே நாராயணப்பன் லாரி வந்துவிட்டது. பாரூரிலிருந்து நேரே லோடுக்கு வந்தாராம். டீக்கடை பெஞ்சின் மேல் ஏறி நின்று நீங்கள் கத்தியதைக் கத்திக் காட்டினார். உங்கள் குரல் அப்படியே வருகிறது. படகு ஓடியதையும் நடித்தார், ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தது.

நேற்று பட்டறையில் என்னைக் கூப்பிட்டு, முப்பதடி வள்ளம் ஒன்றுக்கு அடிக்கட்டை வைத்துத் தரச் சொன்னார்கள். வர்ணத் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டேன். இன்று காலை நூல் பிடித்தேன். ஐந்தாறு நாளில் முடித்துக் கொடுத்துவிடுவேன். மற்றதை அவர்களே கட்டிக்கொள்வார்கள்.

கங்கப்பனின் மூன்று படகுக்கும் நான் வராமல் வேலையைத் தொடங்க வேண்டாம். அந்த ஓரத்தை நீங்கள் செய்தது சரியாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்று சொல்வேன். நாலணாக் காசு ஒன்று தயாராக இருக்கட்டும்.

நாகம்மாள் இந்தத் தடவை கருவாட்டைத் தனிப் பையில் கட்டுகிறாளாம். முனவர் அக்காவுக்கு என்று சொன்னாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஓசூரில் இறங்குவேன்.

பெட்டியை அனுப்ப வேண்டாம்.

மாடசாமி